மேல் காதுல சேஃப்டி பின்: எச்ஐவி பயத்தை விடு, வீக்கத்தை பாரு

கேள்வி: டாக்டர், எனக்கு 17 வயசு, பிளஸ் டூ படிக்கிறேன். போன ஞாயித்துக்கிழமை வீட்ல யாரும் இல்லாதப்ப ரீல்ஸ் பாத்து நானே மேல் காதுல சேஃப்டி பின்னால குத்திக்கிட்டேன். மெழுகுவத்தில காட்டிட்டுதான் குத்தினேன், பின்னை நான் மட்டும்தான் யூஸ் பண்ணேன். பழைய கவரிங் தோடு ஒண்ணு போட்டிருக்கேன். நெட்ல பாத்தா எச்ஐவி வரும், நரம்புல பட்டா வாய் கோணிக்கும், தழும்பு தடிச்சு கெலாய்டு வரும்னு போட்டிருக்கு, நைட்டெல்லாம் தூக்கமே இல்ல. எச்ஐவி டெஸ்ட் எப்ப எடுக்கணும்? டெட்டனஸ் வருமா? ஓட்டை தூந்துடுமா? ரெண்டு நாளா காது கொஞ்சம் சூடா வீங்கின மாதிரி இருக்கு, தம்பிக்கு வாங்கின அமாக்ஸிசிலின்னு ஆன்டிபயாடிக் மாத்திரை மீதி இருந்தது, மூணு போட்டேன். அம்மாவுக்கு தெரியாது.

பதில்: எச்ஐவி வராதும்மா. டெஸ்டும் வேண்டாம். அந்த வைரஸ் இன்னொருத்தர் ரத்தத்துலேர்ந்துதான் வரணும், உன் பின், உன் காது, நடுவுல வேற ஆளே இல்ல, அப்புறம் அது எங்கேர்ந்து வரும்? துருப்பிடிச்ச பின்லயும் கவரிங்லயும் தானா முளைக்கிற சமாச்சாரம் இல்ல அது. ஒரே பின்னால நாலு பேர் மாத்தி மாத்தி குத்திக்கிட்டிருந்தா கதை வேற, அப்ப கூட எச்ஐவிக்கு முன்னாடி நான் ஈரலை தாக்குற ஹெபடைடிஸ் பி-யைத்தான் யோசிப்பேன், அது காஞ்ச ரத்தத்துல ஒரு வாரம் வரைக்கும் உயிரோட கிடக்கும். உன் விஷயத்துல அதுவும் இல்ல.

இப்ப நீ லெட்டரோட கடைசில போற போக்குல எழுதின விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு நாளா சூடா, வீங்கின மாதிரி. கண்ணாடி முன்னாடி நின்னு முடியை நல்லா ஒதுக்கிட்டு பாரு. கீழ தோடு போடுற மடல் எப்பவும் போல மெத்துனு, சாதாரண கலர்ல இருக்கா? மேல குத்தின பக்கம் மட்டும் சிவந்து பளபளன்னு இருக்கா? அந்த காதோட மடிப்பெல்லாம் வீக்கத்துல மழுங்கிப் போயிருக்கா, ரெண்டு விரலால மெதுவா மடக்கினா உயிர் போற மாதிரி வலிக்குதா? ஆமான்னா இன்னைக்கே ஈஎன்டி டாக்டரை பாக்கணும். நாளைக்கு இல்ல, ஸ்கூல் டெஸ்ட் முடிஞ்சப்புறம் இல்ல, இன்னைக்கு. குத்தின முதல் ரெண்டு மூணு நாள் லேசா சிவப்பு, கொஞ்சம் தண்ணி மாதிரி கசிஞ்சு காயுறது, இதெல்லாம் ஒண்ணும் இல்ல, நாளாக நாளாக குறைஞ்சுக்கிட்டே வரணும். உனக்கு நாலு நாள் சும்மா இருந்துட்டு அப்புறம் ஏறுது பாரு, அதுதான் எனக்கு பிடிக்கல.

ஏன் இவ்ளோ அவசரம்னு சொல்றேன். கீழ் மடல் வெறும் சதையும் கொழுப்பும்தான், ரத்த ஓட்டம் தாராளம், அங்க சீழ் பிடிச்சா கூட பெரும்பாலும் ஆறிடும். மேல் காது குருத்தெலும்பு. அதுக்கு சொந்தமா ரத்தக்குழாயே கிடையாது, பக்கத்து வீட்டு மோட்டார்ல தண்ணி பிடிக்கிற மாதிரி மேல போத்தியிருக்கிற மெல்லிசு சவ்வுலேர்ந்துதான் அதுக்கு சாப்பாடு வரும். அந்த சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவுல சீழ் சேந்தா சவ்வு பிரிஞ்சிடும், சில நாள்லயே குருத்தெலும்பு செத்துப்போகும், செத்தா திரும்ப வளராது, காது சுருங்கி முடிச்சு முடிச்சா ஆயிடும். மல்யுத்தக்காரங்க சிலபேருக்கு காலிஃபிளவர் மாதிரி காது இருக்கும்ல, அந்த கோலம். அப்புறம் பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணாலும் பழைய காது வராது.

அந்த அமாக்ஸிசிலின் பத்தி கொஞ்சம் திட்டித்தான் ஆகணும். யார் உனக்கு சொன்னா? இந்த இடத்துல அடிக்கடி உக்காருற கிருமி சூடோமோனாஸ்னு ஒண்ணு, ஈரம் இருக்கிற எல்லா இடத்துலயும் இருக்கும், அமாக்ஸிசிலின் அதுக்கு சுத்தமா வேலை செய்யாது. நீ மூணு இல்ல முப்பது போட்டாலும் அது பாட்டுக்கு வளரும், நீ மருந்து சாப்பிடுறோம்ல சரியாயிடும்னு ரெண்டு நாளை கோட்டை விடுவ, இதுதான் நடக்கும். இதைப் படிச்சிட்டு அப்ப எந்த மாத்திரை வேலை செய்யும்னு கூகுள் பண்ணி மெடிக்கல்ல போய் வாங்காத, 18 வயசுக்கு கீழ யோசிச்சு குடுக்க வேண்டிய மருந்து அது, டாக்டர் எழுதட்டும். தொழிலா குத்துறவங்க கிட்டயே தப்பு நடக்கும், 2000-ல அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல ஒரு கடைல மேல் காது குத்திக்கிட்ட சின்ன பசங்களுக்கு வரிசையா இதே சூடோமோனாஸ் வந்துச்சு, தேடிப் பாத்தா கிருமிநாசினி ஸ்ப்ரே பாட்டில்லயே அந்த கிருமி குடியிருந்திருக்கு. அவங்கள்லயும் முதல்ல வேலை செய்யாத ஆன்டிபயாடிக்கை சாப்பிட்டு நாளை கடத்தினவங்க உண்டு.

நீ பின்னை மெழுகுவத்தில காட்டினேன்னு பெருமையா எழுதியிருக்க. அது பின் மேல கரியைத்தான் பூசியிருக்கும். அந்த கரியை எதுல துடைச்ச? துண்டுலயா, சுடிதார் ஷால்லயா? அங்கயே முடிஞ்சு போச்சு. ரீல்ஸ்ல சிரிச்சுக்கிட்டே குத்திக்கிறவ ரெண்டு வாரம் கழிச்சு அந்த காதை வீடியோ போடுறாளான்னு பாரு.

டாக்டர்கிட்ட போற வரைக்கும் மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால், நியோஸ்போரின் பவுடர், வேப்பங்குச்சி எதையும் வைக்காத. காய்ச்சி ஆறின தண்ணி ஒரு டம்ளர், கால் டீஸ்பூன் உப்பு, சுத்தமான பஞ்சுல நனைச்சு மேல ஒத்தி எடு, போதும். தோட்டை பிடிச்சு திருகாத. சீழ் இருக்கான்னு பிதுக்கிப் பாக்கவே கூடாது. கழட்டணுமா, எப்ப கழட்டணும்னு அவங்க பாத்து சொல்லுவாங்க. சீழ் கட்டியிருந்தா மரத்துப்போக ஊசி போட்டு சின்னதா கீறி எடுத்து, எந்த கிருமின்னு பாக்க அதை கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பிட்டு மருந்து ஆரம்பிப்பாங்க.

அதுக்கு அம்மா வேணும். உனக்கு 18 ஆகல, கீறணும்னா அவங்கதான் கையெழுத்து போடணும், அதனால மறைச்சு வச்சு சமாளிக்கிற ஐடியா எப்படியும் நடக்காது. முடியை விரிச்சுப் போட்டு எத்தனை நாள் மறைப்ப, ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேய்க்க உக்கார வச்சா தெரியாதா? காதை காமிச்சு, சூடா இருக்குன்னு மட்டும் முதல்ல சொல்லு. திட்டுவாங்க, திட்டிக்கிட்டே செருப்பை மாட்டிக்கிட்டு உன்கூட கிளம்புவாங்க. எங்க காலத்துல பாட்டிங்க கொப்பு, முருகுன்னு மேல் காதுல போட்டாங்களே அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு வீட்ல யாராவது ஆரம்பிச்சா வாக்குவாதம் பண்ணிக்கிட்டு நிக்காத, ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வந்து பேசிக்கலாம்.

மத்த கேள்வி எல்லாம் சின்னது. வாய் கோணாது, முகத்து நரம்பு காது மடல்ல ஓடல, காதுக்கு கீழ உள்ளுக்குள்ள வெளிய வந்து கன்னத்துக்கு போகுது, உன் பின் அவ்ளோ தூரம் எட்டாது. ஒரு வாரத்துல கெலாய்டு வராது, அது மாசக்கணக்குல மெதுவா தடிக்கிறது, வீட்ல யாருக்காவது தழும்பு அப்படி தடிச்சிருந்தா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லு. டெட்டனஸுக்கு 16 வயசுல டிடி ஊசி போடணும், போட்டிருந்தா கவலை இல்ல, ஞாபகம் இல்லன்னா இன்னைக்கே அங்க கேட்டு போட்டுக்கோ, அரசு ஆஸ்பத்திரில காசு கிடையாது. அந்த கவரிங்ல நிக்கல் இருக்கும், சீழ் எல்லாம் போனப்புறமும் அரிச்சு பொரிஞ்சா அதுதான் காரணம்.

ஓட்டை தூந்தா தூந்துட்டு போகட்டும். மேல் காது முழுசா ஆற ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும், அதுக்கப்புறமும் ஆசை இருந்தா சீல் பிரிக்காத புது ஊசியை உன் கண்ணு முன்னாடி பிரிக்கிற ஆள்கிட்ட போ, மேல் காதுக்கு கன் வச்சு அடிக்கிற இடத்துக்கு போகாத, அது குருத்தெலும்பை நசுக்கும். அதெல்லாம் அப்புறம். அரசு ஆஸ்பத்திரி ஈஎன்டி ஓபி பெரும்பாலும் காலைலதான், அதை விட்டுட்டா கேஷுவால்டில காட்டு, கூட காய்ச்சலோ குளிரோ இருந்தா ஓபி-க்கு காத்துக்கிட்டே இருக்காம நேரா கேஷுவால்டிக்கே போயிடு.