பெண் பிள்ளைகளுக்கு இயற்பியல் முகாம் நடத்தினால் பலன் இருக்குமா? யாரைப் பேச அழைக்கலாம்?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: ஊர்ப் பள்ளியில் மே மாதம் பத்து நாளுக்கு இரண்டு வகுப்பறை கிடைத்திருக்கிறது. ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பெண் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு இயற்பியலில் ஆசை வர யாரைப் பேச அழைக்கலாம்?

பலன் இருக்கும். திருச்சி பக்கத்தில் ஆசிரியையாக இருக்கிறேன், சில வருடங்களாகக் கோடையில் இப்படி ஒரு முகாம் நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பேச யாரை அழைப்பது என்பதைக் கடைசியில் யோசியுங்கள். கருவி யார் கையில் இருக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

முதல் வருடம் நான் நேர்மாறாகச் செய்தேன். நாலு பேரை அழைத்துப் பேச வைத்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள், குறிப்பு எடுத்தார்கள். சோதனை செய்யும் நேரத்தில் பையன்களும் பெண்களுமாக ஆறு பேருக்கு ஒரு மேசை. எந்த மேசைக்குப் போனாலும் ஸ்க்ரூ டிரைவர் ஒரு பையன் கையில், நோட்டு ஒரு பெண் கையில். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. "உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீ எழுது" என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கும் சந்தோஷம்தான்.

எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. நானும் அப்படித்தான் படித்தேன். பி.எஸ்சி. மூன்று வருடமும் ஸ்பெக்ட்ரோமீட்டரை மற்றவர்கள் சரிசெய்வார்கள், நான் அளவுகளை எழுதுவேன். ரெக்கார்டு நோட்டில் எனக்குத்தான் அதிக மதிப்பெண். தேர்வு அன்று முதல்முறையாகத் தனியாக அந்தக் கருவி முன்னால் உட்கார்ந்தபோது கை நடுங்கியது. ஆய்வகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் ஒரு நாள்கூட "நீ திருப்பிப் பார்" என்று சொன்னதில்லை.

அதனால் அடுத்த வருடத்திலிருந்து பெண்கள் மட்டும், ஒரு மேசைக்கு இரண்டே பேர். நோட்டும் கருவியும் பாதி நேரத்தில் கை மாற வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். என் முகாமில் இன்றைக்கும் முதலிடம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுக்குத்தான். அதன்மேல் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட வேண்டும். வெயிலில் வைத்து, இருபது மீட்டர் தள்ளி இருட்டாக்கிய வகுப்பறைக்குள் ஒளியைத் திருப்பினால், சுவரில் ஒரு வட்டம் விழும். துளையைச் சதுரமாக வெட்டினாலும் வட்டம்தான் விழும். ஏனென்றால் அது துளையின் உருவம் இல்லை, சூரியனுடைய படம். (சூரியனையோ கண்ணாடியையோ நேராகப் பார்க்கக் கூடாது, சுவரை மட்டும்தான். இதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.)

அந்த வட்டம் நிற்காது. பூமி சுழல்வதால் சுவரில் நகர்ந்துகொண்டே இருக்கும். வெளியே ஒருத்தி கண்ணாடியைத் திருப்ப, உள்ளே ஒருத்தி "கொஞ்சம் கீழடி, இன்னும் கீழ, நிறுத்து நிறுத்து" என்று கத்த, அரை மணி நேரத்தில் பள்ளிக்கூடமே ஒரே சத்தம். கணக்கு வராது என்று முதல் நாள் என்னிடம் சொன்ன ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி ஸ்கேலை வைத்து வட்டத்தை அளந்தாள்: பதினெட்டரை சென்டிமீட்டர். தூரம் 2,000 சென்டிமீட்டர். வகுத்தால் 108. அப்படியானால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சூரியனின் விட்டம்? அவளே வகுத்தாள். கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதை மூடாமல் பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். விகிதம் என்ற பாடத்தை அவளுக்கு ஏற்கனவே நடத்தியிருந்தார்கள். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2024 மே 10, வெள்ளிக்கிழமை. அன்று வட்டத்துக்குள் ஓரமாக ஒரு கறை. சுவர் அழுக்கு என்று நினைத்து ஒருத்தி துப்பட்டாவால் துடைத்தாள், போகவில்லை. கண்ணாடியில் தூசியோ என்று அதையும் துடைத்தார்கள். பிறகு அந்த ஏழாவது படிக்கும் பெண்ணே, "கண்ணாடியை லேசா ஆட்டு" என்று வெளியே குரல் கொடுத்தாள். வட்டம் நகர்ந்தபோது கறையும் கூடவே நகர்ந்தது. "மிஸ், இது சூரியன்லதான் இருக்கு." நான் வாயைத் திறக்கவில்லை. பூமியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அகலமான சூரியப் புள்ளிக் கூட்டம் அது, அதாவது சூரியனின் பரப்பில் சுற்றியிருப்பதைவிட வெப்பம் குறைந்து கறுப்பாகத் தெரியும் இடங்கள். அன்று இரவுதான் அந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பிய பெரிய சூரியப் புயல் பூமியைத் தாக்கி, லடாக்கின் ஹன்லேயில்கூட வானம் சிவந்தது. திங்கட்கிழமை அந்தப் படம் வந்த செய்தித்தாளை மூன்று பேர் கொண்டுவந்தார்கள்.

அப்போதுதான் ஒருத்தி கேட்டாள், இதை நம் ஆட்கள் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களா என்று. ஆதித்யா எல்1 விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டைக்காரர் என்று சொன்னேன். முதல் வருடம் பெண் விஞ்ஞானிகள் பற்றி ஒரு மணி நேரம் பேச வைத்தபோது ஒரு முகத்திலும் பார்க்காத மாற்றத்தை அன்று பார்த்தேன். சூரியப் புள்ளியைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு, அந்தப் பெயர் தன் வேலையையே செய்கிற இன்னொரு ஆளின் பெயர். அதனால் ஆட்களைப் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள்.

தடைகளைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவில் ஸாரா ஹசாரியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. பெண் விஞ்ஞானிகளை அழைத்துப் பேச வைத்ததால் மாணவிகளிடம் வித்தியாசம் தெரியவில்லை. இயற்பியலில் பெண்கள் ஏன் குறைவு என்று வகுப்பில் வெளிப்படையாகப் பேசியதால் தெரிந்தது. நான் அன்னா மணியின் கதையைச் சொல்வேன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளியியலை ஆராய்ந்தவர். ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தும், எம்.ஏ. பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தர மறுத்துவிட்டது. அப்புறம் அவர் வானிலைத் துறைக்குப் போய், வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரானது. "ஏன் மிஸ் தரல?" என்று பிள்ளைகள் கோபப்படுவார்கள். கோபப்படட்டும் என்று விட்டுவிடுவேன்.

வெயில் நேரத்தை வீணாக்காமல் முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியையும் நட்டுவிடுங்கள். மே மாதம் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால் நண்பகல் நிழல் தெற்கே விழும். நிழல் மிகவும் குட்டையாக இருப்பது 12 மணிக்கு இல்லை, திருச்சியில் 12:10 தாண்டித்தான். ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும், தீர்க்கரேகை தானாக வந்து சேரும். பழைய அயர்ன் பாக்ஸ், சைக்கிள் டைனமோ இரண்டையும் பிரித்து மாட்டக் கொடுங்கள். அயர்ன் பாக்ஸின் ஒயரை முதலில் நீங்களே வெட்டி எடுத்துவிடுங்கள்.

இனி வீட்டு விஷயம். இந்த வயதில் முகாம் பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பாடம் இல்லை. கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும், நாப்கின் இருக்க வேண்டும், காலை 9:30க்கு ஆரம்பித்து 12:30க்கு முடித்துவிட வேண்டும், ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்து வந்து சேர்ந்து போக வேண்டும். "பெரிய மனுஷி ஆயிட்டா மிஸ், இந்த வெயில்ல எதுக்கு" என்று ஒரு அம்மா நாலாவது நாள் நிறுத்திவிட்டார். நான் வாதாடவில்லை, அவரையே மறுநாள் வரச் சொன்னேன். அவர் வந்து சுவரில் சூரியனைப் பார்த்தார். மகள்தான் விளக்கினாள். மீதி நாட்களில் மகளைக் கூட்டிக்கொண்டு அவரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

பத்து நாளோடு விட்டுவிட்டால் ஆறே மாதத்தில் எல்லாம் மங்கிவிடும். முகாம் முடியும்போது ஒவ்வொருத்தியும் தான் செய்த கருவியை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுப்பது என்று வீட்டில் பேச்சு வரும்போது, "இயற்பியல் எனக்கு வரும்" என்று சொல்ல அவளிடம் ஏதாவது இருக்க வேண்டுமே.

அந்த 2024 புள்ளியை ஏழாவது படிக்கும் பெண் தினமும் நோட்டில் வரைந்துகொண்டே வந்தாள். மே 14 வாக்கில் அது விளிம்புக்குப் போய்க் காணாமல் போனது. அழிந்துவிட்டதா என்று கேட்டாள். ஒரு ரப்பர் பந்தில் மையால் புள்ளி வைத்து அவள் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். ஜூன் 10 பள்ளி திறந்த அன்று முதல் மணிக்கு முன்னாலேயே நோட்டோடு வாசலில் நின்றாள். வீட்டுத் திண்ணையில் கண்ணாடியை வைத்து, எதிர்வீட்டு அறைச் சுவரில் விழ வைத்து வரைந்த படங்கள். மே கடைசியில் எதிர் விளிம்புக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி. அதற்குப் பக்கத்தில் பந்தின் படம், சுழலும் திசைக்கு ஒரு அம்புக்குறி.

"திரும்பி வந்துடுச்சு மிஸ்" என்றாள்.