முதலில் கிரவுண்டைப் பாருங்கள்

கேள்வி: வாஷிங் மெஷின், ஏ.சி. போர்டுகளைச் சரிசெய்கிறேன். போர்டின் டி.எக்ஸ். (அனுப்பும்), ஆர்.எக்ஸ். (வாங்கும்) முனைகளில் என்ன வருகிறது என்று லேப்டாப்பில் பார்க்க, யூ.எஸ்.பி. சீரியல் அடாப்டர் வாங்க வேண்டும். இருநூறு ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. ஆயிரத்துக்கு மேலும் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
- உசிலம்பட்டி வாசகர்

பதில்: நல்லவேளை, வாங்குவதற்கு முன்பே எழுதினீர்கள். விலையை அப்புறம் பேசுவோம். வாஷிங் மெஷின் போர்டு என்றதும் எனக்குப் பகீர் என்றது. அந்தப் போர்டுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஒரு கெப்பாசிட்டரோ, எல்.என்.கே.304 போன்ற சின்ன ஐ.சி.யோ 230 வோல்ட்டிலிருந்து நேரே சப்ளையை இறக்கிவிடுகிறது. மீட்டர் சாதுவாக 5 வோல்ட் என்றுதான் காட்டும். ஆனால் போர்டின் கிரவுண்ட், அதாவது பொது மைனஸ் முனை, மெயின்ஸோடு, அதாவது 230 வோல்ட் லைனோடு, ஒட்டியிருக்கிறது. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் ஃபேஸே கிரவுண்டில் வந்து நிற்கலாம்.

அடாப்டரின் கிரவுண்டும் லேப்டாப்பின் கிரவுண்டும் ஒன்றுதான். மூன்று பின் சார்ஜர் மாட்டிய லேப்டாப் என்றால் அது எர்த்துக்கே போகிறது. இணைத்த நொடியில் ‘பட்’டென்று ஒரு சத்தம், அடாப்டர், யூ.எஸ்.பி. போர்ட், சில சமயம் மதர்போர்டும் சேர்ந்து போகும். மதுரை சிம்மக்கல்லில் என் பெஞ்சுக்கு வருகிற கருகிய யூ.எஸ்.பி. போர்ட்டுகளில் இந்த ரகம் நிறைய. “சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில்தானே வேலை செய்தேன்” என்பார்கள். அது இன்னும் மோசம். லேப்டாப் பிழைக்கும், அதன் உலோகப் பாகத்தில் கை வைத்தவர் பிழைப்பாரா?

பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் முழுக்க வடிந்த பிறகு, போர்டின் கிரவுண்டுக்கும் பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்கள் ஒவ்வொன்றுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். பஸ்ஸர் ஒலித்தால் சந்தேகமே இல்லை. ஒலிக்காவிட்டாலும் நிம்மதியடைய வேண்டாம். நடுவில் பிரிட்ஜ் டையோடு இருந்தால் பஸ்ஸர் மௌனமாக இருந்துவிடும். தெரியாத போர்டை மெயின்ஸ் போர்டு என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலைக்கு ஐசொலேஷன் உள்ள அடாப்டர்தான் வேண்டும், அதாவது இரு பக்கமும் மின்சாரத்தால் தொடாமல் செய்தி மட்டும் கடந்துபோகிற ரகம். ஏ.டி.யூ.எம்.1201 என்ற ஐ.சி.யில் போக ஒரு வழி, வர ஒரு வழி இருக்கிறது, டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். இரண்டுக்கும் அளவெடுத்துத் தைத்தது போல. ஒரு பக்கத்துக்கு லேப்டாப்பின் 5 வோல்ட், மறு பக்கத்துக்குப் போர்டின் 3.3 அல்லது 5 வோல்ட் என்று தனித்தனியே சப்ளை தருவதால், வோல்ட்டேஜ் பொருத்தமும் அதிலேயே முடிந்துவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: இது காப்பது லேப்டாப்பை. போர்டு பக்கத்து வயர் அப்போதும் மெயின்ஸ்தான். முடிந்தவரை மெயின்ஸே கொடுக்காமல், பெஞ்ச் சப்ளையிலிருந்து 5 வோல்ட் மட்டும் கொடுத்துப் படியுங்கள். கன்ட்ரோலர் பேசுவதற்குப் பெரும்பாலும் அது போதும்.

இப்போது விலை. அடாப்டருக்குள் இருக்கும் சிப்புகளில் சி.எச்.340 உங்களுக்குத் தாராளம். எஃப்.டி.232 நல்ல சிப்தான். ஆனால் போலி அதிகம். 2014-இல் வந்த விண்டோஸ் டிரைவர் ஒன்று, போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி முடக்கிப்போட்டது. பழைய பி.எல்.2303 சிப் ஓசியில் கிடைத்தாலும் புதிய விண்டோஸில் தகராறு செய்யும். ஆயிரம் ரூபாயைச் சிப்பின் பெயருக்குக் கொடுக்காமல் ஐசொலேஷனுக்குக் கொடுங்கள்.

கேள்வி: இ.எஸ்.பி.8266 வைஃபை மாட்யூலை சீரியல் அடாப்டரில் இணைத்தால் திரையில் கிறுக்கல்தான் வருகிறது. அடிக்கடி தானாக ரீசெட் ஆகிறது. மாட்யூல் பழுதா?
- திருப்பரங்குன்றம் கல்லூரி மாணவி

பதில்: பழுதில்லை, அம்மா. முதலில் வரும் கிறுக்கல், அது விழித்தெழும்போது அனுப்பும் பூட் செய்தி; சீரியல் வேகத்தை 74,880 பாட் என்று வைத்தால் படிக்க முடியும். ரீசெட்டுக்குக் காரணம் பசி. வைஃபை அனுப்பும்போது அது 300 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், எஃப்.டி.232 சிப்பின் 3.3 வோல்ட் முனை தருவதோ வெறும் 50. தனி ரெகுலேட்டர் போடுங்கள், கிரவுண்டை மட்டும் சேர்த்துவிடுங்கள். அடாப்டரின் ஜம்பரை 3.3-க்கு மாற்றிவிட்டோம் என்று இருக்கவும் கூடாது. பல அடாப்டர்களில் அது சப்ளை முனையை மட்டுமே மாற்றும், டி.எக்ஸ். 5 வோல்ட்டிலேயே நிற்கும். எதுவும் அனுப்பாதபோது டி.எக்ஸ். முனையை அளந்து பாருங்கள். 5 இருந்தால் டி.எக்ஸ். பக்கம் 1 கிலோ ஓம், கிரவுண்ட் பக்கம் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, நடுவிலிருந்து பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலையில் எனர்ஜி மீட்டர்களை ஆர்.எஸ்.485 என்ற நீண்ட தூர சீரியல் இணைப்பு வழியாகக் கணினியில் படிக்கிறோம். இடி மழை வந்தால் கன்வெர்ட்டர் போய்விடுகிறது.
- கப்பலூர் வாசகர்

பதில்: இரண்டே வயர்தான் இழுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆர்.எஸ்.485 தாங்குவது கிரவுண்டிலிருந்து மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரை. இடியின்போது ஷெட்டுக்கு ஷெட் கிரவுண்ட் இதைவிட எவ்வளவோ விலகும். ஐசொலேஷன் உள்ள கன்வெர்ட்டர் வாங்கி, மூன்றாவது வயராகக் கிரவுண்டையும் இழுத்து, கன்வெர்ட்டர் வாயிலில் எஸ்.எம்.712 என்ற பாதுகாப்பு டையோடைப் போடுங்கள். அது இதே மைனஸ் 7, பிளஸ் 12-க்கென்றே செய்தது. 120 ஓம் ரெசிஸ்டர் கேபிளின் இரு கோடிகளில் மட்டும் இருக்கட்டும். மீட்டருக்கு ஒன்று வைக்கிற வழக்கத்தை யார் தொடங்கினார்களோ! மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளும் இதுவும் ஒரே டிரேயில் ஓடினால் பிரித்துவிடுங்கள். இத்தனையும் செய்த பிறகும், சித்திரை மாதத்து மாலையில் வானம் கறுத்தால் கணினிப் பக்கத்துக் கனெக்டரைக் கையால் பிடுங்கி வைப்பதுதான் என் வழக்கம்.