நாற்காலியை எடுத்துவிட்டுப் பாயை விரியுங்கள்: பெற்றோர் வகுப்பு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று பெற்றோருக்குக் காட்ட, குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக வார வகுப்பு தொடங்கினோம். முதல் வாரம் 14 தாய்மார்கள் வந்தார்கள். நாலாவது வாரம் ஐந்து பேர்தான். அவர்களுக்கு அக்கறை இல்லையா?

அந்த முடிவுக்குக் கடைசியாக வாருங்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள். காலை 11 மணி உங்களுக்கு வசதி. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது அரைநாள் சம்பளம். பெயர் பதியும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தக் கிழமை வேலை இல்லை, வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும், மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் ஆள் குறைவது மூன்றாவதால்தான். மூத்த பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லி, அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒருவரை வையுங்கள். வழிச்செலவை அன்றன்றைக்கே கையில் கொடுங்கள். பயிற்சி முடிவில் தரும் பரிசு, இன்றைய பேருந்துக்கு உதவாது.

முதல் நாளே எல்லோர் முன்னாலும் "வீட்டு வருமானம் எவ்வளவு?" என்று கேட்டுப் படிவம் நிரப்புகிறீர்களா? அடுத்த வாரம் வராதவர்களில் சிலர் அதனால்தான் வரவில்லை. தனியாக, கொஞ்சம் பழகிய பிறகு கேளுங்கள்.

ஒருவர் வராவிட்டால் அன்று மாலையே போன் செய்யுங்கள். "ஏன் வரலை?" வேண்டாம், "குழந்தை நல்லா இருக்கா?" போதும். இரண்டு வாரம் விட்டுப்போனால் திரும்பி வரக் கூச்சம் வந்துவிடும். ஒவ்வொரு வகுப்பும் போன வாரத்தின் தொடர்ச்சியாக இல்லாமல் தனியாகப் புரிகிற மாதிரி இருந்தால், விட்டவரும் தயங்காமல் வந்து உட்காருவார்.

கேள்வி: பாடம் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வீட்டில் எதுவும் மாறவில்லை. எங்கே தவறு?

தலையாட்ட வைத்ததில்தான். கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, கைக்கு வருவது வேறு. பெற்றோர் பயிற்சிகள் பற்றிய 77 மதிப்பீடுகளைத் தொகுத்து 2008-இல் வந்த ஆய்வில், கூடுதல் பலனோடு சேர்ந்து தெரிந்த அம்சங்களில் ஒன்று இது: பெற்றோர் தன் சொந்தப் பிள்ளையோடு, வகுப்பிலேயே செய்து பழகுவது.

ஆகவே ஒரு மணி நேர வகுப்பில் உங்கள் பேச்சு 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாயும் பிள்ளையுமாக எட்டு, பத்து ஜோடிக்கு மேல் சேர்க்காதீர்கள். நடத்த இரண்டு பேர் வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்டவர்களையும் நடக்கத் தொடங்கியவர்களையும் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் ஓடுகிற பிள்ளை படுத்திருக்கும் பிள்ளையை மிதிக்கும். வந்ததும் போன வார விளையாட்டு வீட்டில் எப்படிப் போனது என்று 10 நிமிடம் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு செயலைச் செய்துகாட்டுங்கள். அடுத்த 25 நிமிடம் அவர்கள் கையில். கடைசியில், வீட்டில் எந்த வேளையில் இதைச் செய்யப்போகிறார் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும்: குளிப்பாட்டும்போதா, துணி மடிக்கும்போதா?

அந்த 25 நிமிடத்தில் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். நீங்கள் சிரிக்க வைத்தால் "டீச்சருக்குத்தான் வருது" என்று தாய் ஒதுங்கிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்லுங்கள்: "நீங்க சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்தினீங்க, அவன் உங்க வாயைப் பாத்தான், கவனிச்சீங்களா?" வெறும் "சூப்பர்" எதையும் கற்றுத்தராது. திருத்த வேண்டியது நாலு இருந்தாலும் அன்றைக்கு ஒன்றே ஒன்று.

கேள்வி: பொம்மை வாங்கப் பணம் இல்லை.

வாங்கவே வேண்டாம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87-இல் தொடங்கிய ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், வீட்டில் கிடைக்கும் பொருளால் செய்த பொம்மைகளை வைத்துத் தாய்க்கு விளையாட்டைக் காட்டினார்கள். இரண்டு ஆண்டு நடந்தது. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானபோது, இந்த உதவி கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25% கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

பாட்டில் கிலுகிலுப்பை செய்யும் முறை: குழந்தையின் கைக்கு அடங்கும் சின்ன பிளாஸ்டிக் பாட்டில். கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவையுங்கள். ஈரம் இருந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். சத்தம் வர உள்ளே அரிசியோ பயறோ போட்டு, கால் பாகம் மட்டும் நிரப்புங்கள். நிறைத்தால் சத்தமும் வராது, கனத்து முகத்தில் விழும். மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்குமே, அதை முதலில் வெட்டி எடுங்கள், பிள்ளை கடித்தால் கழன்று வாய்க்குள் போகும். மரையில் பசை தடவி மூடியை இறுக்கி, காய்ந்த பிறகு முழு பலத்தோடு திருகிப் பாருங்கள். மேலே டேப் மட்டும் சுற்றுவது போதாது; எச்சில் பட்டால் உரிந்துவிடும். கழுவும் திரவம், பூச்சிமருந்து இருந்த பாட்டில் எதுவும் வேண்டாம்.

மற்ற பொருட்கள் தொண்டையில் அடைக்குமா என்று சோதிப்பது எளிது. தாளைச் சுருட்டி 4 செ.மீ. அகலக் குழாய் செய்யுங்கள். அதற்குள் போகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது.

கேள்வி: வகுப்புக்கு வரும் தாய் நான். எனக்குப் படிக்கத் தெரியாது. வகுப்பில் புத்தகம் கொடுத்தால் என்ன செய்வது?

எழுத்தை மறந்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். பிள்ளை எதைத் தொடுகிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். சத்தமோ, சிரிப்போ, காலை உதைப்பதோ, எது வந்தாலும் அது பதில்தான். பக்கத்தைத் தலைகீழாகப் புரட்டினால் புரட்டட்டும்.

கேள்வி: ஆறு வாரக் குழந்தை, மாலையானால் நிறுத்தாமல் அழுகிறது. சில சமயம் எனக்கே வெறி வந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் கேட்கவில்லை என்றாலும் நடத்துபவர்கள் தாங்களே எடுக்க வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை கூடி, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று, நாலு மாதத்தில் பொதுவாகக் குறையும். உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. பசி, ஈரத்துணி, காய்ச்சல் இருக்கிறதா பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால், பால் குடிக்க மறுத்தால், துவண்டால், உடனே மருத்துவரிடம். எதுவும் இல்லை, உங்களுக்குத் தாங்கவில்லை என்றால், தலையணை இல்லாத பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு 5 முதல் 10 நிமிடம் தள்ளி நில்லுங்கள். அழுவதால் ஒன்றும் ஆகாது. பிடித்துக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: வகுப்பில் சொல்வதை மாமியார் வீட்டில் மறுக்கிறார்.

ஒரு நாள் அவரையே கூட்டி வாருங்கள். தாலாட்டுப் பாடச் சொல்லி வகுப்பை அவரிடமிருந்து தொடங்குவது நடத்துபவர் பொறுப்பு.