ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன் விளக்கை அணைத்துப் பாருங்கள்
(ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு வானொலி: வாசகர் கேள்வி பதில்)

20 மீட்டர் அலைவரிசையில் எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியே ரேடியோவில் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) தொடங்கியிருக்கிறேன். 10 வாட் ரேடியோ, மொட்டை மாடியில் டைபோல் (இரண்டு கை நீட்டிய கம்பி ஆன்டெனா). சாயங்காலமானால் எஸ் மீட்டர் (வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் முள்) இரைச்சலிலேயே 7-இல் போய் நின்றுகொள்கிறது. ஒன்றிரண்டு நிலையங்கள்தான் கிடைக்கின்றன. 100 வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா?
*வாசகர், கோவை*

இப்போதைக்கு வேண்டாம். 10 வாட்டை 100 ஆக்கினால் கிடைப்பது 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு பலம். அதுவும் எதிர்முனையில் இருப்பவருக்கு. நீங்கள் கேட்பதில் எந்த மாற்றமும் இருக்காது. எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். 7-இல் நிற்கும் இரைச்சலை 4-க்கு இறக்கிவிட்டால் 18 டெசிபல் லாபம். செலவும் ஆம்ப்ளிஃபையர் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

முதலில் இரைச்சல் உங்கள் வீட்டிலா, வெளியிலா என்று பாருங்கள். ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் போடுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். வீட்டு மெயினை அணையுங்கள். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாகக் கிளம்பிவிடும். அதையும் அணைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, 'அணைத்துப் பார்த்தேன், கூடத்தான் செய்தது' என்று எழுதுகிறார்கள். சில இன்வெர்ட்டர்கள் பேட்டரியில் ஓடும்போது போடுகிற கூச்சல் தனி ரகம்.

எஸ் மீட்டர் சட்டென்று இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்தான். மெயினைப் போட்டு, எம்சிபிக்களை (அறைவாரியான பாதுகாப்பு சுவிட்சுகளை) ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எந்த அறைக்கு மின்சாரம் போகும்போது முள் எழும்புகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் ஒரு பாக்கெட் ரேடியோவை எடுத்து, மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் நடங்கள். சார்ஜர், செட்டாப் பாக்ஸ், மீன் தொட்டி விளக்கு என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிடியுங்கள். கெட்டது எதுவோ அதனருகே 'ர்ர்ர்' என்று கத்தும். என் வீட்டில் அப்படிப் பிடிபட்டது பூஜை அறையில் சாமி படத்தைச் சுற்றியிருந்த எல்இடி சரத்தின் அடாப்டர். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில்தான் இரைச்சலும் வரும். உங்களுக்கும் சாயங்காலம்தான் வருகிறது என்பதால் விளக்குகளிலிருந்தே தொடங்குங்கள்.

மாற்ற முடிந்ததை மாற்றுங்கள். முடியாததன் ஒயரை ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். கவ்விக்கொள்ளும் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டு அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். சுற்று இரட்டித்தால் தடுப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரே சுற்று இந்த அலைவரிசையில் பேருக்குத்தான். அதே போல, டைபோலின் நடுவில் கோஆக்ஸ் (ரேடியோவிலிருந்து வரும் ஆன்டெனா கேபிள்) சேருமிடத்தில் கேபிளையே ஒரு பெரிய வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் வெளிக்கூடு வீட்டு இரைச்சலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு ஆன்டெனாவிடம் ஒப்படைத்துவிடும். உங்கள் டைபோலின் கை ஒவ்வொன்றும் சுமார் 5 மீட்டர்தானே, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓடாமல் கட்டிடத்தை விட்டுத் தள்ளிக் கட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் அணைத்தும் முள் அசையவில்லையா? அப்போது அது பெரும்பாலும் பக்கத்து வீடு. சண்டைக்குப் போக வேண்டாம். நல்ல அடாப்டர் ஒன்றை வாங்கி நீங்களே கொடுத்துவிடுவது எல்லா வகையிலும் மலிவு.

எஃப்டி8 மென்பொருளின் வாட்டர்ஃபாலில் (வரும் சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரையில்) கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் ஒரு வரிகூட டீகோட் ஆகவில்லை. சவுண்டு கார்டு கோளாறா?
*கல்லூரி மாணவர், கும்பகோணம்*

கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பாருங்கள். எஃப்டி8-இல் எல்லாரும் 15 விநாடிக் கட்டங்களில் அனுப்புகிறார்கள். உங்கள் நேரம் இரண்டு மூன்று விநாடி பிசகினாலே போச்சு. இணையத்தோடு நேரத்தை ஒத்துப்போகச் செய்யுங்கள். இன்னும் உரிமம் வாங்கவில்லையென்றால், அது வரும்வரை கேட்பதோடு நிற்கவும். மோர்ஸ் தந்திக் குறி வராது என்று தயங்க வேண்டாம். வியூ3 எனத் தொடங்கும் அழைப்புக் குறி தரும் கட்டுப்படுத்தப்பட்ட பிரிவுத் தேர்வுக்கு மோர்ஸ் கிடையாது.

என் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மைக்கைத் தொடுவதே இல்லை. இதெல்லாம் ரேடியோவா?
*வாசகி, மதுரை*

ரேடியோதான் அம்மா. பேச்சு எடுபடாத இடத்தில் இது எடுபடும். எஃப்டி8-இல் இரைச்சல் சிக்னலைப் போல நூறு மடங்கு இருந்தாலும் செய்தியைப் பிரித்தெடுத்துவிடலாம். இதை ஸ்டீவ் ஃபிராங்குடன் சேர்ந்து 2017-இல் கொண்டுவந்தவர் ஜோ டெய்லர். 1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் அரசிபோ ரேடியோ தொலைநோக்கியில் இரட்டைப் பல்சரை (சீராகத் துடிக்கும் ரேடியோ சிக்னல் விடும் விண்மீன்) கண்டுபிடித்து, 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். பல்சரின் முனகலைக் கேட்டுப் பழகிய காது! இவர் 2008-இல் தந்த டபிள்யூஎஸ்பிஆர் என்ற முறை இன்னும் பொறுமைசாலி: அழைப்புக் குறி, இருப்பிடம், பவர், இந்த மூன்றை மட்டும் சொல்ல ஏறக்குறைய இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 200 மில்லிவாட்டும் கடல் தாண்டுகிறது. உங்கள் வீட்டுக்காரர் இருப்பது இந்த ரகமானால், ராத்திரி அவர் உட்கார்ந்திருக்கத் தேவையே இல்லை. அது தானாக ஓடும். படுக்கச் சொல்லுங்கள்.

144 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்பி (பேச்சு முறை), எஃப்டி8 முயல ஆசை. ரிப்பீட்டருக்கு (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வைத்த செங்குத்து ஆன்டெனா, 20 மீட்டர் நீள ஆர்ஜி-58 கேபிள் இருக்கின்றன. போதுமா?
*வாசகர், தூத்துக்குடி*

ஆன்டெனாவும் போதாது, கேபிளும் போதாது. இந்த அலைவரிசையில் அந்தக் கேபிள் சுமார் 4 டெசிபல் தின்றுவிடும். பாதிக்கு மேல் பவர் மாடிக்குப் போய்ச் சேராது. வரும் சிக்னலுக்கும் அதே கதி. எல்எம்ஆர்-400 ரகக் கேபிள் போட்டால் 1 டெசிபல் அளவோடு போகும். தொலைதூரத்துக்கு முயல்பவர்கள் யாகியை (பழைய டிவி ஆன்டெனா போன்ற பல கம்பி ஆன்டெனா) படுக்கை வாக்கில் வைக்கிறார்கள். நீங்கள் மட்டும் செங்குத்தாக நின்றால் 20 டெசிபல் வரைகூட நஷ்டமாகலாம். உங்கள் ஊரில் யாகியின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்க்க மாடியில் நீளக் கம்பம் நட்டு, ஒருவர் மேலே திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து 'தெரியுது, தெரியுது' என்று கத்திய கடற்கரை அல்லவா!

ஐப்பசி மழை வருகிறது. கேபிளில் இடிதாங்கி வைத்தால் ஆன்டெனாவைக் கழற்றாமல் விடலாமா?
*வாசகர், சிதம்பரம்*

கூடாது. கேபிளில் வைக்கும் தடுப்பான் பக்கத்தில் விழும் இடியின் தூண்டலுக்கு உதவும். நேரடியாக விழுந்தால் தாங்காது. கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மின் பிளக்கையும் பிடுங்குங்கள். முழக்கம் கேட்க ஆரம்பித்த பிறகு கழற்றப் போகாதீர்கள். வானம் கறுக்கும்போதே செய்துவிடுங்கள்.