அழுக்கு வேறு, அலங்கோலம் வேறு: வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுக் கேள்விகள்

வங்கியில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதற்குள் ஏழு ஊர் மாற்றல். ஏழு முறை வீட்டுச் சாமான்களைக் கட்டிப் பிரித்து அடுக்கியதுதான் என் தகுதி. இந்த விஷயத்தில் வேறு பட்டம் எதுவும் கிடையாது. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கும் கணவருக்கும் சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை. நான்கு வயதில் மகன். வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். வேலைக்கு வரும் அம்மா தினமும் பெருக்கித் துடைக்கிறார். ஆனாலும் வீடு குப்பையாகவே தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் வீட்டில் குப்பை இல்லை, தங்கையே. பொருள்தான் கிடக்கிறது. அழுக்கைச் சம்பளம் கொடுத்து எடுத்துவிடலாம். அலங்கோலத்தை அப்படி எடுக்க முடியாது. சாப்பாட்டு மேசையில் கிடக்கும் பள்ளிச் சுற்றறிக்கை, கொரியரில் வந்த அட்டைப்பெட்டி, பாதி சாப்பிட்டு நிறுத்திய மாத்திரை அட்டை, இவற்றை எங்கே வைப்பது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஓரமாக அடுக்கி வைத்துவிட்டுப் போவார். மறுநாள் அந்த அடுக்கு இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கும். எங்கே வைப்பது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யாத பொருள்கள்தான் அவை.

ஆகவே வாசலில் தொடங்குங்கள். களைத்து வருகிறவர்கள் கையில் இருப்பதைக் கண்ட இடத்தில் போடும் முதல் பத்து நிமிடத்தில்தான் பாதி அலங்கோலம் பிறக்கிறது. சாவிக்கு ஓர் ஆணி, பைகளுக்கு ஒரு கூடை, காகிதங்களுக்கு ஒரே ஒரு தட்டு. டிபன் பாக்ஸ்கள் பையிலிருந்து நேராக சிங்க்குக்குப் போகட்டும். மகனின் பொம்மைகளை வகை பிரித்து அலமாரியில் அடுக்கச் சொன்னால் நடக்காது. வாய் அகன்ற பிளாஸ்டிக் கூடை ஒன்றை வைத்து அதில் எல்லாவற்றையும் போடச் சொன்னால் அதையே விளையாட்டாகச் செய்வான்.

இரவில் அடுப்பு மேடையும் சிங்க்கும் காலியாகாமல் விளக்கை அணைக்காதீர்கள். 20 நிமிட வேலைதான். எச்சில் பாத்திரத்தின் முகத்தில் விழிக்கிற காலை, அலுவலகம் போய்ச் சேரும் வரை கூடவே வரும். கரப்பான் பூச்சிக் கணக்கும் ஒன்று உண்டு. அது இரவில் நடமாடுகிற பிராணி. உணவில்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், தண்ணீரில்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. சிங்க்கைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் படுப்பது, மருந்து அடிப்பதில் பாதிக்குச் சமம்.

கேள்வி: துவைத்த துணி மலைபோல் நாற்காலியில் குவிகிறது. ஞாயிற்றுக்கிழமை மடிக்கலாம் என்று விட்டால் ஞாயிறும் போய்விடுகிறது.

பதில்: ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள், அது வாரம் முழுக்கக் கடன் வாங்கப்பட்ட நாள். ஆளுக்கொரு கூடை வாங்குங்கள். கொடியிலிருந்து எடுக்கும்போதே அவரவர் துணியை அவரவர் கூடையில் போடுங்கள். மடிப்பதும் மடிக்காததும் அவரவர் பாடு. உள்ளாடை, காலுறை, கைக்குட்டை ஆகியவற்றை மடிக்கவே வேண்டாம், ஓர் இழுப்பறைக்குள் கொட்டினால் போதும். என் அம்மா கேட்டால் வருத்தப்படுவார், ஆனாலும் சொல்கிறேன்: சுருங்கிய பனியனால் எந்தக் குடும்பமும் கெட்டதில்லை.

கேள்வி: மேடம், எங்கள் அடுக்ககத்தில் போர்வெல் தண்ணீர்தான். குழாயிலும் குளியலறைச் சுவரிலும் வெள்ளைப் படிவம். சமையல் சோடாவும் வினிகரும் கலந்து போடச் சொல்கிறார்கள். சிலர் ஆசிட் என்கிறார்கள். வேலைக்குப் போகிற எனக்கு எது சுலபம்?

பதில்: அந்தக் கலவையை விட்டுவிடுங்கள். சோடா காரம், வினிகர் அமிலம். சேர்ந்தால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். பொங்கி முடிந்தபின் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர்.

நீங்கள் பார்க்கிற வெள்ளை, தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்புச் சத்து. அதைக் கரைப்பது அமிலம் மட்டுமே. வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேயுங்கள். எலுமிச்சை மூடியும் உதவும். ஆனால் மார்பிள், கடப்பாக் கல், பழைய வீடுகளின் மொசைக் தரை ஆகியவற்றில் வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதுவும் படக்கூடாது. மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்பு வகைக் கல். மொசைக்கில் இருப்பதும் மார்பிள் சில்லுகள்தான். கறையோடு சேர்த்துக் கல்லும் அரிக்கப்படும். ஒரு வாடகை வீட்டில் கடப்பா மேடையில் எலுமிச்சையைத் தேய்த்து, வெளிறிய வட்டத்துக்காக வீட்டுக்காரரிடம் முன்பணத்தில் ஒரு பங்கை இழந்தவள் நான்.

இன்னொன்று, இதைச் சிரிக்காமல் கேளுங்கள். ஆசிட் ஊற்றிய கழிப்பறையில் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. வேலைக்கு வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.

சுலபமான வழி கேட்டீர்களே? கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒரு முறை வழித்துவிட வேண்டும். ஒரு நிமிடம் ஆகும். தண்ணீர் நின்று காய்ந்தால்தானே படிவம்?

கேள்வி: மாமியார் எதையும் எறிய விடுவதில்லை. ஐஸ்கிரீம் டப்பா, இனிப்புப் பெட்டி, பிளாஸ்டிக் கவர், எல்லாமே 'பிறகு உதவும்' கணக்கில். பரண் வழிகிறது.

பதில்: ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதற்கு முன் சேர்த்த கவர்கள் இன்னும் பல வீடுகளில் மெத்தைக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. பற்றாக்குறையில் வளர்ந்தவர்களிடம் எறியச் சொன்னால் அவமதிப்பாகப் படும். அதனால் எறியச் சொல்லாதீர்கள், எல்லை வையுங்கள். 'அத்தை, டப்பாவெல்லாம் இந்த ஒரு தட்டில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. எது இருக்கலாம் என்று நீங்களே பாருங்கள்.' தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் இருந்தால் அவரே கழித்துக்கட்டுவார். போகிக்கு இரண்டு வாரம் முன்பு பேச்சை எடுங்கள், பாரம்பரியமும் உங்கள் பக்கம் நிற்கும். ஆனால் எரிக்க வேண்டாம், பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நானும் வீட்டு வேலையில் உதவுகிறேன். சொன்னதையெல்லாம் செய்கிறேன். ஆனாலும் மனைவிக்குக் கோபம் வருகிறது. ஏன்?

பதில்: காரணம் 'சொன்னதை' என்ற சொல்லில் இருக்கிறது, தம்பி. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டுமே. எரிவாயு எப்போது தீரும், பருப்பு எவ்வளவு மிச்சம், சீருடை காய்ந்ததா என்று நினைவில் வைத்திருப்பது இதில் வராது என்பது என் கருத்து. உதவியை நிறுத்துங்கள். இரண்டு துறைகளை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். துணி உங்களுடையது என்றால் சோப்புத்தூள் வாங்குவதிலிருந்து பித்தான் தைப்பது வரை உங்களுடையது. மனைவியும் அதில் மேற்பார்வை பார்க்கக்கூடாது. இதை அவரிடம் வாசித்துக் காட்டலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் துணியில் முடைநாற்றம்.

பதில்: இரவெல்லாம் ஊறவைப்பதும் நெருக்கமாக உலர்த்துவதும்தான் காரணம். இடைவெளி விட்டுப் போட்டு மின்விசிறியை ஓட விடுங்கள். வாசனைத் திரவம் வேண்டாம்.

கேள்வி: நேரமே இல்லாத வாரத்தில் எதையெல்லாம் தள்ளிப்போடலாம்?

பதில்: ஒட்டடை, மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி, பூஜைப் பாத்திரத்தின் பளபளப்பு, எல்லாம் காத்திருக்கும். ஈரக்குப்பையை வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரையும் விடாதீர்கள். குளிர்பதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டை மாடி வாளி, இவற்றில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒரு நாள் கொட்டுங்கள், கொட்டியபின் உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் இருக்கக்கூடியவை.

கேள்வி: தானாகத் தரை துடைக்கும் ரோபோ வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அது ஓட, தரையில் எதுவும் கிடக்கக்கூடாது. எங்கள் மேல்மாடிக்காரர்கள் போன தீபாவளிக்கு வாங்கினார்கள். முதல் வாரமே காலுறை ஒன்றை விழுங்கி நின்றது. இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது; அதன் மேல் இரண்டு அட்டைப்பெட்டிகள்.