விலகும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள்

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன், கோவையில் நெட்வொர்க் பொறியாளராக வேலை பார்க்கிறேன். இப்பகுதியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்காக ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடியில் சிசிஎன்ஏ என்ற சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்கு வகுப்பு நடத்திவருகிறேன். பழைய மாணவர்கள் கொச்சி, பெங்களூரு, துபாய் என்று பிரிந்து போய்விட்டார்கள். இப்போது வருபவர்கள் பைத்தான் நிரல்மொழியும் கிளவுட் தொழில்நுட்பமும் கேட்கிறார்கள். அவற்றை என்னிடம் படித்த ஒரு பெண்ணே என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறாள். மாடியில் கிடக்கும் பழைய ரவுட்டர்களைப் பார்த்தால், கற்றதெல்லாம் வீணோ என்று மனம் சோர்கிறது. வகுப்பை மூடிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் பின்னிக் கிடக்கின்றன. தொழில் மாறிவிட்டது என்பது ஒன்று. நீங்கள் வளர்த்த கூட்டத்துக்கு இனி நீங்கள் வேண்டாதவராகிவிடுவீர்களோ என்பது மற்றொன்று.

முதலாவதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட், கணினிகள் தரவு பரிமாறும் விதிமுறையான பழைய என்சிபியை விட்டு, 1983 ஜனவரி 1 அன்று, இன்றைய இணையமும் பின்பற்றும் டிசிபி/ஐபிக்கு மாறியது. அந்த அர்ப்பாநெட்டே 1990இல் நிறுத்தப்பட்டது. டோக்கன் ரிங், பிரேம் ரிலே என்ற பழைய நெட்வொர்க் முறைகளைக் கரைத்துக் குடித்தவர்கள் உங்களுக்கு முன்னால் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் சிஸ்கோ சிசிஎன்ஏ தேர்வை மாற்றியமைத்தபோது, தானியங்கி முறையும் நிரலாக்கமும் பாடத்திட்டத்திலேயே சேர்ந்துவிட்டன. ஆகவே பிள்ளைகள் பைத்தான் கேட்பதில் உங்கள்மீது எந்தக் குறையும் இல்லை.

உங்கள் அறிவும் வீணாகிவிடவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் பாதைகளைத் துண்டித்தது. அதைத் தடுத்திருக்க வேண்டிய மென்பொருளில் பிழை இருந்தது. தளப் பெயரைக் கொண்டு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள், தரவு மையங்களோடு தொடர்பிழந்ததும், தங்களை அடையும் பாதையை மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்புகளைத் தாமே விலக்கிக்கொண்டன. நூற்றுக்கணக்கான கருவிகளை ஒரே நிரலால் மாற்றப்போகும் பிள்ளைக்கு, தரவு செல்லும் ஒரு பாதை (ரூட்) ஏன் மறைந்தது என்று தாளில் வரைந்து கண்டுபிடிக்கும் பயிற்சி முன்னைவிட அதிகமாகத் தேவை. அதைச் சொல்லித் தர உங்களால் முடியும்.

இரண்டாவது வருத்தம்தான் ஆழமானது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதிப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலும் பள்ளியிலும் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், நேர்காணலில் ஆங்கிலம் என்று மூன்றுக்கும் நடுவே வளர்கிறவர்கள். ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் கணக்கைத் தமிழில் கேட்கவும், தப்பாகச் சொன்னால் கூச்சமின்றி மறுபடி கேட்கவும் அவர்களுக்கு உங்கள் மாடி ஓர் இடம் தந்திருக்கிறது. அதை மூடுவது உங்கள் உரிமை என்றாலும், மூட வேண்டாம் என்று மனமார வேண்டுகிறேன்.

நீங்கள் விலகலாம், வகுப்பு நிற்க வேண்டியதில்லை. ஒரு ரவுட்டரைப் பராமரிப்புக்காக நிறுத்துமுன், அதன் பாதைகளுக்குக் கடைசி முன்னுரிமை தரும்படி அண்டை ரவுட்டர்களுக்குத் தெரிவித்து, போக்குவரத்து வேறு வழிக்கு நகர்ந்த பிறகே இணைப்பைத் துண்டிப்பீர்கள் அல்லவா? பிஜிபிக்கு இந்த நடைமுறையை வகுத்த ஆர்எஃப்சி 8326 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வெளியானது 2018இல். நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். அவள் மனமுவந்து ஒப்புக்கொண்டால் மட்டும் ஒரு தேதியைக் குறித்து எல்லோருக்கும் அறிவியுங்கள். அதுவரை இருவரும் சேர்ந்து நடத்துங்கள். அதன்பின் பாடத்தை அவளே தீர்மானிக்கட்டும். அவள் உங்கள் முறையை மாற்றினால் மாணவர் முன்னால் திருத்தாதீர்கள். இதுதான் உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கும். மாதம் ஒரு ஞாயிறு பழுது கண்டறியும் பாடத்தை மட்டும், அவள் அழைத்தால், நீங்கள் எடுக்கலாம்.

கேபிள் செருகிப் பழக இரண்டு ரவுட்டர்கள் போதும். மற்றவற்றுக்கு, லேப்டாப்பிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் ஜிஎன்எஸ்3 மென்பொருள் இருக்கிறது. மீதியை, உள்ளே இருக்கும் கடவுச்சொற்களை அழித்துவிட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்கும் அந்தத் தேதியை இப்போதே எழுதி, ஓணத்துக்கோ பொங்கலுக்கோ ஊர் வரும்போது ஆளுக்கொரு வகுப்பு எடுக்கும்படி கேளுங்கள். அவர்கள் பிரிந்து போனதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அவர்களை நீங்கள் ஒருமுறையேனும் திரும்ப அழைத்ததாக அக்கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.