ரகசியமாக விசுவாசித்தால் போதாதா? நாலு பேர் பார்க்க ஞானஸ்நானம் எடுத்தே ஆக வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். மூன்று வருடமாக இயேசுவை விசுவாசிக்கிறீர்கள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கிறீர்கள், ஆனால் எல்லார் முன்னாலும் தண்ணீரில் இறங்க மனம் வரவில்லை. இது முதலாவது. இறங்கிவிட்டால் அதற்கப்புறம் எல்லாரும் நம்மையே கவனிப்பார்களே, எப்படி நடந்துகொள்வது என்பது இரண்டாவது. நான் முப்பத்திரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்தவன். அதற்கு முன் ஐந்து வருடம் நீங்கள் நிற்கும் இடத்தில்தான் நின்றேன். போதகரும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இல்லாமல் இரட்சிப்பு உண்டா என்பதற்குச் சபைக்குச் சபை பதில் மாறும். ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசு வாக்குப் பெற்ற, சிலுவையில் தொங்கிய கள்ளனை ஒருவர் காட்டுவார், விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான் என்கிற மாற்கு 16:16ஐ இன்னொருவர் காட்டுவார். அந்த வாதத்தில் நான் இறங்கவில்லை. உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது பயம். எனக்கும் அதுதான் இருந்தது.

பயந்தவர்களை வேதம் கேவலப்படுத்தவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூத ஆலோசனை சங்கத்தைச் சேர்ந்த நிக்கொதேமு யோவான் 3இல் இயேசுவிடம் இராத்திரியில் வருகிறார். 7ஆம் அதிகாரத்தில், ஒரு மனுஷனை விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லலாமா என்று ஆலோசனை சங்கத்தில் சட்டம் பேசுகிறார். அதைத் தாண்டி வாயைத் திறக்கவில்லை, அதற்கே 'நீரும் கலிலேயனோ' என்று குத்தல் பேச்சு வாங்குகிறார். 19ஆம் அதிகாரத்தில், சீஷர்கள் சிதறிப்போயிருந்த நேரத்தில், ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் சுமந்துகொண்டு சிலுவையில் மரித்தவரை அடக்கம் பண்ண வருகிறார். நூறு இராத்தலை அங்கிக்குள் மறைத்துக் கொண்டுவர முடியாது. கூட வந்த அரிமத்தியா யோசேப்பையும் யோவான் பூசி மெழுகாமல், பயத்தினால் அந்தரங்க சீஷனாக இருந்தவன் என்றே எழுதுகிறார். இருவரும் மெதுவாகத்தான் வெளியே வந்தார்கள், ஆனால் வந்தார்கள்.

அடுத்து விக்டோரினுஸ். பழங்காலச் சபை ஆசிரியரான அகஸ்டின் தன் 'அறிக்கைகள்' எட்டாம் புத்தகத்தில் இவர் கதையைச் சொல்கிறார். நாலாம் நூற்றாண்டு ரோமில் பெரிய பேச்சுக்கலை ஆசிரியர். செனட்டர்களுக்கே பாடம் சொன்னவர், உயிரோடு இருக்கும்போதே பொது மன்றத்தில் சிலை வைக்கப்பட்டவர். வயதான காலத்தில் வேதத்தைப் படித்துப் படித்து மனம் மாறி, சிம்பிளிசியானுஸ் என்ற நண்பரிடம் தனியாக, 'நான் இப்போது கிறிஸ்தவன், தெரியுமா?' என்கிறார். அவரோ, 'சபையில் உங்களைப் பார்க்கிறவரைக்கும் நம்ப மாட்டேன்' என்கிறார். 'அப்படியானால் சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவன் ஆக்குகின்றன?' என்று விக்டோரினுஸ் சிரிக்கிறார். இதே பேச்சு அவர்களுக்குள் பலமுறை நடந்திருக்கிறது. நீங்கள் உங்கள் கேள்வியில் 'கட்டடத்துக்குள் போய் நனைந்தால்தான் விசுவாசமா' என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு இவர் ஞாபகம்தான் வந்தது. வாதம் கூர்மையானது. ஆனால் அந்த வாதத்துக்குப் பின்னால் இருந்தது பயம் என்கிறார் அகஸ்டின். விக்கிரக வழிபாட்டில் ஊறிய பெரிய மனிதர்களான நண்பர்களைப் பகைத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் இல்லை.

ஒருநாள் திடீரென்று, 'வாருங்கள், சபைக்குப் போவோம், நான் கிறிஸ்தவனாக வேண்டும்' என்கிறார். அந்தக் கால ரோமில் ஞானஸ்நானம் பெறப்போகிறவர் உயரமான இடத்தில் ஏறி நின்று எல்லார் முன்பும் விசுவாச அறிக்கையைச் சொல்ல வேண்டும். மூப்பர்கள் அவரிடம், தனியாகவே சொல்லிவிடலாம், கூச்சப்படுகிறவர்களுக்கு அப்படி அனுமதிப்பது வழக்கம்தான் என்றார்கள். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கூச்சப்படுகிறவர்களுக்காக ஒரு பக்கவாசலைச் சபை அப்போதே திறந்து வைத்திருந்தது. விக்டோரினுஸ் அதை வேண்டாம் என்றார். இரட்சிப்பு இல்லாத பேச்சுக்கலையையே இத்தனை காலம் எல்லார் முன்பும் பேசியிருக்கிறேன், இதைச் சொல்லவா கூச்சம் என்பது அவர் நியாயம். மேலே ஏறியதும் கூட்டம் முழுக்க அவர் பெயரை முணுமுணுத்ததாம். 362இல் ஜூலியன் பேரரசர் கிறிஸ்தவர்கள் இலக்கியமும் பேச்சுக்கலையும் கற்பிக்கக் கூடாது என்று தடை போட்டபோது, அவர் பள்ளியை விட்டுவிட்டார். விலை இருந்தது, கொடுத்தார்.

என் கதையில் இத்தனை கம்பீரம் கிடையாது. தண்ணீர் என் இடுப்பளவு. போதகர் ஒரு கையை முதுகிலும் இன்னொரு கையை நெஞ்சில் கட்டியிருந்த என் கைகள் மேலும் வைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லிப் பின்னால் சாய்த்தார். மூச்சை அடக்கச் சொல்லியிருந்தார், பதற்றத்தில் மறந்துவிட்டேன். மூக்கில் தண்ணீர் ஏறி, தொட்டியின் விளிம்பில் முழங்கை இடித்து, இருமிக்கொண்டே எழுந்தேன். பாட்டு பாடிக்கொண்டிருந்தார்களாம், காதெல்லாம் தண்ணீர், ஒன்றும் கேட்கவில்லை. முதலில் தெளிவாகக் கேட்ட சத்தம், 'துண்டு எங்கப்பா, துண்டு?' என்பதுதான். எடுத்துவைக்க மறந்திருந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து ஓடி, எங்கிருந்தோ ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். என் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். அவர் கிறிஸ்தவர் இல்லை. கூப்பிட்டேன் என்பதற்காக வந்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து மேலதிகாரி ஒரு தாளை நீட்டி, போன மாதத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். இதற்கு முன் இருபது முறையாவது போட்டிருப்பேன். அன்றும் போட்டேன், யோசிக்கக்கூட இல்லை. மத்தியானம் பக்கத்து மேஜைக்காரர் குரலைத் தாழ்த்தி, 'தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அன்னிக்குத் தண்ணில இறங்கறதுக்கு முன்னாடி எதையெல்லாமோ விட்டுடறேன்னு சொன்னீங்களே, இதெல்லாம் அதுல வராதா?' என்றார்.

குத்தல் இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை, கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். இரவு தூக்கம் இல்லை. மறுநாள் மேலதிகாரியிடம் போய், அந்தத் தேதி சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. வேலையும் போகவில்லை, அவரும் மனம் திரும்பவில்லை. கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில் இதற்குள்தான் இருக்கிறது. அதுவரை ஞானஸ்நானம் என்றால் நான் ஊருக்கு ஏதோ அறிவிப்பது என்று நினைத்திருந்தேன். என்னைக் கேள்வி கேட்கும் உரிமையை மற்றவர்கள் கையில் கொடுப்பது அது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ரகசிய விசுவாசியாக இருந்த ஐந்து வருடமும் நான் ஒழுங்காகத்தான் ஜெபித்தேன். ஆனால் என்னை யாரும் எதுவும் கேட்க முடியாது. நான் தவறினால் எனக்கும் தேவனுக்கும் மட்டும் தெரியும், நான் கேட்பதற்கு முன்பே எனக்கு நானே மன்னிப்பும் கொடுத்துக்கொள்வேன். ரொம்ப வசதி.

முதல் நூற்றாண்டுகளின் சபைக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஹிப்போலித்து என்ற பழங்காலச் சபை ஆசிரியரின் பெயரில் வழங்கும் பழைய சபை ஒழுங்கு நூலில், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர் மூன்று வருடம் போதனை கேட்க வேண்டும் என்று இருக்கிறது. கடைசியில் விசாரிப்பது என்ன தெரியுமா? விதவைகளைக் கனம் பண்ணினாரா, வியாதியஸ்தரைப் போய்ப் பார்த்தாரா, நற்கிரியைகள் செய்தாரா என்பது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் அல்ல, அவரை அழைத்து வந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும்.

ஞானஸ்நானம் பெற யோவான் ஸ்நானகனிடம் வந்தவர்களும் 'நாங்கள் என்ன செய்யவேண்டும்' என்றுதான் கேட்டார்கள். லூக்கா 3ஐ ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு. வரி வாங்கும் ஆயக்காரனே, விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனே, யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்று இரு. எல்லாம் துணியும் காசும் வேலையுமாகவே இருக்கிறது. ஆயக்காரனை வேலையை விடச் சொல்லவில்லை, அதே சாவடியில் உட்கார்ந்து சரியாக வாங்கச் சொன்னார். வெளிப்படையாக விசுவாசத்தை வாழ்வது என்றால் எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இதுவரை கிடைக்கவில்லை. வண்டியில் வசனம் ஒட்டுவதைத் தப்பென்று சொல்லவில்லை. ஒட்டிக்கொண்டு சிவப்பு விளக்கைத் தாண்டாமல் இருந்தால் சரி.

'நான் இன்னும் தகுதியாகவில்லை' என்றும் எழுதியிருக்கிறீர்கள். கான்ஸ்டன்டைன் பேரரசர் 337இல் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். ஞானஸ்நானத்துக்குப் பின் செய்யும் பாவத்துக்கு என்ன செய்வது என்ற பயத்தில் அந்தக் காலத்தில் பலர் தள்ளிப்போட்டார்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் எதையும் தள்ளிப்போடவில்லை. அப்போஸ்தலர் 16இல் அந்த இராத்திரியிலேயே, கைதிகளாக இருந்த பவுல், சீலா இருவரின் காயங்களைக் கழுவுகிறான், உடனே வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறான். சற்று முன்தான் அவர்கள் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவன். தகுதி என்று பார்த்தால் அவனுக்கு என்ன இருந்தது?

அதே சமயம், வெளியே தெரிந்தால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள், உயிருக்கே ஆபத்து என்ற நிலை இருந்தால், பொறுங்கள். பொறுப்பது மறுதலிப்பது ஆகாது. நம்பகமான ஒரு போதகரிடமும் ஒன்றிரண்டு விசுவாசிகளிடமும் மட்டும் சொல்லிவையுங்கள். உங்களைக் கேள்வி கேட்க இரண்டு பேர் இருந்தாலே நீங்கள் பாதி ரகசியத்திலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். மனுஷர் முன்பாக என்னை அறிக்கைபண்ணுகிறவனை நானும் அறிக்கைபண்ணுவேன் என்ற மத்தேயு 10:32ஐச் சொல்லி உங்களை மிரட்டி அவசரப்படுத்துகிற ஆட்களிடமிருந்து தள்ளியே இருங்கள். ஞானஸ்நானத்தை எண்ணிக்கைக்காகவும் காணொளிக்காகவும் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிரச்சினை வெறும் மனஸ்தாபம்தான் என்றால், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் செய்த பெரிய தப்பு இதுதான். என் அம்மாவுக்கு விஷயம் யாரோ அனுப்பிய புகைப்படத்திலிருந்து தெரிந்தது. நான் விசுவாசித்தது அவருக்கு வலிக்கவில்லை, சொல்லாமல் போனதுதான் வலித்தது. 'கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேன், ஆனா கூப்பிட்டிருக்கணும்' என்றார். இன்றைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெயர் மாற்ற வேண்டுமா என்ற உங்கள் உபகேள்விக்கு: வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டில் அப்பொல்லோ, பெபேயாள், எப்பாப்பிரோதீத்து என்று வரும் பெயர்களெல்லாம் கிரேக்கத் தெய்வங்களோடு தொடர்புள்ளவை. அவர்கள் அதே பெயரோடுதான் ஊழியம் செய்தார்கள், பவுலும் அதே பெயரைத்தான் எழுதினார். விருப்பமிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், அது வேறு.

குழந்தையிலேயே திருமுழுக்குப் பெற்றவராக இருந்தால் கதை வேறு. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் அதைச் செல்லும் என்று ஏற்று, மறுபடி கொடுக்காது. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசித்தபின் எடுப்பதையே ஞானஸ்நானம் என்னும், மூழ்கித்தான் எடுக்கச் சொல்லும். முதலில் உங்கள் சபையில் பேசுங்கள். மூழ்குவதா ஊற்றுவதா என்று சண்டை போடுகிறவர்களிடம் 'திதாகே' என்ற மிகப் பழைய நூலைக் காட்டலாம். ஓடுகிற தண்ணீர் நல்லது, இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது அது. இவ்வளவு தாராளமாக இருந்த விஷயத்தில்தான் 1527இல் சூரிச்சில் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை, வளர்ந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்ததற்காக லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களும் கிறிஸ்தவர்கள்தான்.

எடுப்பது என்று முடிவாகிவிட்டால் சில சில்லறை விஷயங்கள். நனைந்தால் உடம்பில் ஒட்டிக் காட்டிக்கொடுக்காத கெட்டியான, அடர்நிறத் துணி. கண்ணாடி போடுகிறவர் என்றால் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். மூச்சை அடக்க மறந்துவிடாதீர்கள். துண்டோடு நிற்க ஒருவரை முந்தின நாளே கேட்டுவையுங்கள். முடிந்தால் அலுவலகத்தில் உங்கள் பக்கத்து மேஜையில் உட்காருகிறவரைக் கேளுங்கள்.